கத்தாத ரசிகர்

டிவியில் நடுவரின் கை தரையில் ஒரு முறை தட்டியது. இரண்டாம் முறையும் தட்டியது.

"எந்திரி! எந்திரிடா இஷிமுரா!" அபர்ணா சோபாவின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

மூன்றாவது தட்டு விழுந்தால் தோல்வி. கை இறங்குகிற கடைசி நொடியில் இஷிமுரா தோளைத் தூக்கி உதறினார்.

சான்ட்ரிங்ஹாம் புறநகரில் இருந்த அந்தச் சின்ன வீடே அதிர்ந்தது. அவள் கணவன் மதன்குமார் கையிலிருந்த தலையணையைக் கூரைக்கு வீசினான். வடைத்தட்டோடு வந்த ரதிதேவி அக்கா, "ஐயோ, என்ர நெஞ்சு!" என்று தட்டோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கணவர் கேதீஸ்வரன் மட்டும் நிதானமாக ஒரு வடையைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார்.

அபர்ணாவுக்குச் சுருக்கென்றது.

ஜப்பானில் ஒரு மாதமாக நடக்கும் மல்யுத்த லீக் அது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் மோத வேண்டும். ஜெயித்தால் இரண்டு புள்ளி; அதிகப் புள்ளி எடுத்த இருவருக்குள் இறுதி ஆட்டம். வயதான இஷிமுராவுக்கு இதுதான் கடைசி லீக். முதல் மூன்று ஆட்டமும் தோற்றவர், விழுந்து எழுந்து, இதோ இன்றைக்கும் ஜெயித்து, நாளைய இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்!

நால்வருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. அதனால் வார இறுதியில் கேதீஸ் வீட்டில் கூடி, பதிவைத்தான் பார்ப்பார்கள். அதற்குமுன் யாரும் முடிவைத் தெரிந்துகொள்ளக் கூடாது. அது சத்தியம் செய்யாத குறை.

ஆனால், ஒவ்வொரு முறையும் கேதீஸ் எல்லோரையும் சமையலறைக்கு விரட்டிவிடுவார். "குசினிக்குள்ள போங்கோ. நான் டிவியில போட்டிட்டுக் கூப்பிடுறன்." கதவையும் சாத்திக்கொள்வார்.

வீடு திரும்பும் வழியில் அபர்ணா பொரிந்தாள். "கதவைச் சாத்திட்டு என்ன பண்றாருன்னு நினைக்கிறே மதன்? கடைசியை ஓட்டிப் பார்த்துடுறாரு!"

"சேச்சே! நமக்கு இந்த லீக்கை அறிமுகப்படுத்தினதே அவர்தானே?"

"அப்புறம் ஏன் ஒரு தடவைகூடக் கத்த மாட்டேங்கிறாரு? முடிவு தெரிஞ்ச மனுஷன்தான் அந்த நேரத்துல வடை தின்பாரு."



மறுநாள் ஞாயிறு. அபர்ணாவுக்கு மருத்துவமனையில் டூட்டி. செல்போனை அணைத்துப் பையின் அடியில் போட்டிருந்தாள். டூட்டி முடிகிற நேரத்தில், இன்னொரு மல்யுத்த ரசிகனான லேப் பையன் பல்லெல்லாம் தெரிய எதிரே வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினாள். இந்த ஒரு ஆட்டத்தை மட்டுமாவது முடிவு தெரியாமல் பார்த்துவிட வேண்டும்!

எல்லோரும் வந்து சேர்ந்ததும் கேதீஸ் வழக்கம்போல் ஆரம்பித்தார். "சரி, சரி, எல்லாரும் குசினிக்குள்ள..."

"இன்னிக்கு நீங்க போங்கண்ணா. நான் போடுறேன்." அபர்ணா ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

கேதீஸின் முகம் மாறியது. "வேண்டாம் தங்கச்சி. அதை நான்தான் போடவேணும்."

"ஏன், ரிமோட்டை அழுத்த லைசென்ஸ் வேணுமா?"

"இண்டைக்குக் கடைசி ஆட்டம். சொல்லுறதைக் கேளுங்கோ."

"கடைசி ஆட்டம்கிறதாலதான் சொல்றேன். மாசம் பூரா நீங்க முதல்ல பார்த்துட்டு, எங்களை முட்டாளாக்கினது போதும்!"

ரதிதேவி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேதீஸ் கண்ணாலேயே தடுத்தார்.

"சரி தங்கச்சி. ஆனா முதல்ல கையால..."

"அதெல்லாம் அவ பார்த்துக்குவா. வாங்கண்ணே!" மதன் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். கதவு சாத்திக்கொண்டது.

அபர்ணா இறுதி ஆட்டத்தைத் தேடிப் பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்க ஒரு படம் வந்து நின்றது. பொன்னிறக் காகிதங்கள் மழையாகக் கொட்ட, கோப்பையைத் தலைக்குமேல் தூக்கியபடி அழுதுகொண்டிருந்தார் இஷிமுரா.

அவள் பாய்ந்து போய்க் கையால் மறைத்தாள். டிவி பெரிது, கை சிறிது. அதோடு, பார்த்தது பார்த்ததுதான்.

பதறிப்போய் நேற்றைய ஆட்டத்தைத் திறந்தாள். அதிலும் முதலில் வந்தது ஜெயித்தவரின் படம். அதற்கு முந்தைய ஆட்டத்திலும் அப்படியே. எதைத் திறந்தாலும் ஜெயித்தவர் முகத்தில் விழித்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் போக முடியும். வேறு வழியே இல்லை.

அபர்ணா சாத்தியிருந்த சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து கேதீஸின் குரல், திருவிழாவுக்குக் கிளம்பிய பிள்ளையின் குரலாகப் படபடத்தது.

"தங்கச்சி! அந்தப் படத்தைக் கடத்திப்போட்டுக் கூப்பிடுங்கோ. இந்த லீக்கில முடிவு தெரியாமல் நான் பார்க்கப்போறது இது ஒண்டுதான்!"

அபர்ணா அவசரமாக இறுதி ஆட்டத்துக்குத் திரும்பி, படத்தைத் தாண்டி, ஆட்டத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

"கண்ணை மூடிக்கிட்டே கடத்திட்டேண்ணா! யார் ஜெயிச்சாங்கன்னு எனக்கும் தெரியாது, ஓடி வாங்க!"