ரூபியின் கையுறை

மாலை ஐந்து மணியானால் ஜெபமணிக்கு முழங்கால் வலியோடு மூர்க்கமும் சேர்ந்து வரும். பெற்ற மகள் எஸ்தரையே யாரென்று தெரியாமல் கையை ஓங்குவார். அவள் அந்த இயந்திரக் கையுறையை மாட்டிக்கொண்டு காலைப் பிடித்துவிட்டால் மட்டும் அடங்குவார். அம்மா ரூபி சாவதற்கு முன் ஒரு மாதம் அதைப் போட்டுக்கொண்டுதான் அவருக்குத் தைலம் தேய்த்தாள். அவள் கைப்பக்குவத்தை அது அப்படியே படித்து வைத்திருந்தது. இப்போது எஸ்தரின் விரல்களை நடத்துவது அதுதான். கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரலை மடக்க முடியாமல் அம்மா தூக்கியே வைத்திருப்பாள். கையுறை அதையும் விடாமல் எஸ்தரின் சுண்டுவிரலைத் தூக்கியே பிடித்தது.

அம்மா போன மூன்றாம் வருஷம் ஒருநாள் கையுறை பழுதாகிவிட்டது. அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று எஸ்தர் வெறுங்கையால் தைலத்தைத் தேய்த்தாள்.

அப்பா கையை ஓங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ரூபி, விரல் இன்னும் வலிக்கா?" என்றார்.

"நான் எஸ்தருப்பா" என்று சொல்ல வாயெடுத்தவள் தன் கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் தனியே தூக்கிக்கொண்டு நின்றது. அடிபடாத அந்த விரலை மடக்கிப் பார்த்தாள். உயிர் போகிற வலி.

"ஆமாங்க, வலிக்கு" என்றாள்.