முதல் பட்டியல்

"பட்டாளத்துல சேந்த புதுசுல, பச்சை குத்திக்கலாம் வாடான்னு திருவிழாவுல என்னை இழுத்துக்கினு போனதே இவன்தான்! அந்த ஊசியால வந்த வினைதான், இன்னிக்கு ரெண்டு பேரும் இங்க உக்காந்துக்கினு கீறோம்!"

கிளினிக் முழுக்கக் கேட்கும்படி மூர்த்தி சொன்னார். காத்திருந்த மற்ற முன்னாள் ராணுவத்தினர் சிரித்தார்கள். தங்கவேலும் சிரித்தார்.

"ஆமாண்டா, என் தப்புதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் தங்கவேல் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். லைட்ஹவுஸ் குப்பத்தில் அவர் படகு கரையேறினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே வந்தால் இந்தப் பேச்சு!

மூர்த்தி காட்டூர்க்காரர். தங்கவேலோடு ஒரே பட்டாலியனில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் பூனா பக்கம் செக்யூரிட்டி வேலையில் காலம் தள்ளிவிட்டு, போன வருஷம்தான் ஊர் திரும்பி நெல் போட ஆரம்பித்தார். நண்பர்கள் மறுபடி சந்தித்ததே இந்தக் கிளினிக்கில்தான். இருவருக்கும் ஒரே நோய், ஹெபடைடிஸ் சி. சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு வாரம் புது மாத்திரை சாப்பிட்டால் அடியோடு போய்விடுமாம். ஆனால் மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக மூன்று நடை ஆகிவிட்டது.

"தங்கவேல் சார், உள்ள வாங்க!" நர்ஸ் ஷாலினி கூப்பிட்டாள்.

"போய்ட்டு வாடா. நான் டீ வாங்கியாறேன்" என்று மூர்த்தி வெளியே போனார்.

ராஜாத்தியும் கணவரோடு உள்ளே போனாள்.

"இந்த வாரம் மாத்திரை வருது சார்" என்றாள் ஷாலினி. "ஆனா பன்னெண்டு பேருக்குத்தான். சண்டையில அடிபட்டு, ரத்தம் ஏத்தி, அதனால நோய் வந்தவங்களுக்கு முதல் பட்டியல். உங்களுக்கு ரத்தம் ஏத்தினாங்களா?"

ராஜாத்திக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்!

"இல்லம்மா" என்றார் தங்கவேல். "பச்சை குத்தினதுல வந்தது. அப்படியே எழுதிக்கோங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பட்டியலைக் காரணத்தோட வெளியில ஒட்டிடுவோம். ரெண்டாவது பட்டியலுக்கு மூணு மாசமாவது ஆகும்."

"ஆகட்டும்."

வெளியே வந்ததும் ராஜாத்தி அவர் சட்டையைப் பிடித்து வராந்தா மூலைக்கு இழுத்தாள்.

"இன்னா பேச்சு பேசற நீ? பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு பழைய ரெக்கார்டெல்லாம் புரட்டிப் பாத்துட்டு, பட்டாளத்துல குண்டு பட்டப்ப ஏத்தின ரத்தத்துலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொன்னாரா இல்லியா? நானும்தான அங்க நின்னுக்கினு இருந்தேன்!"

"சொன்னாரு."

"அப்புறம் இன்னாத்துக்குப் பொய்? வலைய இழுத்தா மூச்சு வாங்குது உனக்கு. இன்னும் மூணு மாசம் காத்துக்கினு கெடப்பியா?"

"கெடப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நானும் மூர்த்தியும் ஒண்ணா வாங்கிக்கறோம். விடு ராஜாத்தி."

அவர் தண்ணீர்க் குழாயடிக்கு நடந்தார். காரணம் கேட்டால் வாய் திறக்காத மனுஷன். பட்டாளத்து வீம்பு!

ராஜாத்தி விடுவதாக இல்லை. நேராக ஷாலினியிடம் போனாள்.

"சிஸ்டர், அவரு ஃபாரத்தை அனுப்பிடாதீங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

ஷாலினி போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள்.

அதற்குள் மூர்த்தி மூன்று டீயோடு வந்துவிட்டார். "இந்தா தங்கச்சி. இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? என் தோஸ்து எங்க?"

"தோஸ்தா? வாயத் தொறந்தா அவர நாலு பேரு முன்னாடி திட்டறீங்களே அண்ணே, உங்களுக்கு இன்னா உரிமை?"

மூர்த்தி கோபப்படவில்லை. டீயை பெஞ்சில் வைத்துவிட்டு, அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்தார்.

"உரிமை கீது தங்கச்சி. அவன் உன்னாண்ட சொல்லலியா? சொல்ல மாட்டான். அந்தக் கதையப் பேசினாலே அவனுக்குக் கண்ணு கலங்கிரும். காஷ்மீர்ல அவன் தொடையில குண்டு பாஞ்சப்போ, கீழ கொண்டுபோக வழியில்ல. பனி கொட்டுது. முகாம் ஆஸ்பத்திரியில ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எத்தினியோ பேரு கைய நீட்டினாங்க, ஒருத்தரோடதும் சேரல. என்னோடது மட்டும்தான் சேந்துச்சு."

ராஜாத்தியின் கண் அவர் கையிலிருந்த பச்சையில் போய் நின்றது.

"எனக்கு மெடல் இல்ல, பெரிய பதவி இல்ல. ஆனா அவன் நடந்து வர்றதப் பாக்கறேன் பாரு, அப்ப நெஞ்ச நிமித்திக்குவேன். அவன் உடம்புல ஓடறது என் ரத்தம்! பொறந்ததுக்கு நான் செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான் தங்கச்சி."

ஷாலினி போனை வைத்தாள். "சொல்லுங்கம்மா, சார் ஃபாரத்துல ஏதாவது மாத்தணுமா?"

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த கணவரை ராஜாத்தி ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"வேணாம் சிஸ்டர். எங்க வூட்டுக்காரரு சொன்னதுதான் சரி."