வெந்நீர் கலக்காத நாள்

குளியலறை ஜன்னல் வழியே காலை வெளிச்சம் தொட்டியில் விழுகிறது. பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. கழுத்தளவு நீரில் அவள் கணவன் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளணுக்கள் குறைந்துகொண்டே போவதாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனைத் தாள் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. தினமும் குளிர்ந்த நீரில் கிடந்தால் உடம்பில் எதிர்ப்பு சக்தி ஊறும் என்று எங்கோ கேட்டுவிட்டு, அதையே உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "போதுங்க, எழுந்திரிங்க." "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, டீச்சரம்மா. கணக்குல ஏமாத்தாதீங்க." அவள் சிரிக்க முயன்று, கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறாள். இந்தப் பத்து நாளும் அவனுக்குத் தெரியாமல் இரண்டு வாளி வெந்நீரைக் கலந்துவிடுவாள். அப்போதுகூட அவன் பற்கள் தந்தியடிக்கும். இன்று அவனே முந்திக்கொண்டு தொட்டியை நிரப்பிவிட்டான். "பாத்தியா, இன்னிக்கு நடுக்கமே இல்ல. உடம்பு பழகிடுச்சு!" நாக்கு குழறுகிறது; நீலம் பாரித்த உதடுகள் ஜெயித்தவனைப்போல விரிகின்றன. அவள் கடிகாரத்தைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீருக்குள் விட்டு அவன் விரல்களைத் தேடி இறுகப் பிடிக்கிறாள். மரத்துப்போன விரல்களை அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. மிச்ச நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.