கூரையில் நிற்காத ஆடு

ஜெஸிந்தா கணினி விளையாட்டு செய்யப் பழகத் தொடங்கியதிலிருந்து, பயிற்சித் தளம் அவளுக்கு நாள்தோறும் ரசிகர்களை அனுப்பியது. விளையாடியவர்களில் பாராட்டாதவர்களே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. நிஜமாகவே தனக்குக் கைவருகிறதா, இல்லை இவர்கள் எல்லோரும் தளம் செய்துவைத்த பொம்மைகளா?

தன் விளையாட்டில் பேருந்துக் கூரைமேல் குதிக்கும் ஆட்டை வேண்டுமென்றே கெடுத்துவைத்தாள். வேகத்தைக் கூட்டினாலே போதும். திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களில், ஒரு ஃபிரேமில் ஆடு கூரைக்கு மேலே இருக்கும், அடுத்ததில் கீழே போயிருக்கும். ஆடும் கூரையும் தொட்டுக்கொண்ட கணமே இல்லாததால் மோதியது கணினிக்குத் தெரியாது.

"சூப்பர்க்கா!" என்றார்கள் எல்லோரும். ஒருவர் மட்டும், "ஆடு கூரைய பொத்துக்கிட்டு விழுது. செய்யும்போது கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்று எழுதியிருந்தார்.

ஜெஸிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு மனுஷன்! உடனே ஆட்டைச் சரிசெய்து அனுப்பினாள்.

திரையில் செய்தி வந்தது: "வாழ்த்துகள்! நீங்கள் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டீர்கள். இன்றுமுதல் திட்டும் ரசிகர்களையும் அனுப்பத் தொடங்கியிருக்கிறோம்."

பக்கத்தில் கைபேசியில் அவள் செய்த விளையாட்டையே ஆடிக்கொண்டிருந்த கணவன் சேவியர், "ஏட்டி, நெசமாவே நல்லாருக்கு," என்றான்.

அவள் மெல்லத் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எத்தனாவது நிலை?"