மீனாளுக்கு ஒரு சான்று

"மீனாளை உங்களுக்குத் தெரியுமாங்கய்யா?"

கிழவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "மீனாளா? நல்லாத் தெரியுமே!" என்றார்.

கேட்டவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேருந்து மாறி, நாலு மாடி ஏறி வந்தது வீண்போகவில்லை. மீனாள் என்பது ஒரு நட்சத்திரத்தின் பெயர்.

அவள் வேலை பார்க்கும் பதிப்பகம், பழைய விண்மீன் பெயர்களுக்கு ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்ப்பது அவள் பொறுப்பு. சான்று இருந்தால் சேர்ப்பாள், இல்லாவிட்டால் தயவு தாட்சண்யம் இல்லாமல் அடித்துவிடுவாள். மீனாள் பத்துப் புத்தகங்களில் இருந்தது. ஒன்பதும் பத்தாவதைப் பார்த்து எழுதியவை. அந்தப் பத்தாவது, படகுக்காரர்களோடு இரண்டு வருடம் தங்கி அவள் அப்பா எழுதியது.

"உன் பேரையே நீ அடிச்சிடாதம்மா," என்று பதிப்பாசிரியர் சிரித்தார்.

ஆமாம், அவள் பெயரும் மீனாள்தான். அப்பா கண்டெடுத்த நட்சத்திரத்தின் பெயர் என்று பள்ளிக்கூடம் தொடங்கி அலுவலகம் வரைக்கும் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு மட்டும் அவள் கடைசிவரை "பாப்பா"தான். அம்மாதான் நாலு வீடு கேட்க, "மீனாள்! அப்பா சாப்பிடறார் பாரு, தண்ணி கொண்டா!" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

அப்பாவுக்குப் பெயர் சொன்ன படகுக்காரர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் இந்தக் கிழவர் ஒருவர்தான். அவள் பேனாவைத் திறந்தாள்.

"எந்த மாசத்துல தெரியும்ங்கய்யா?"

கிழவர் முழித்தார். "தெரியறதா? என்னம்மா கேக்கறே?"

அவள் அப்பாவின் புத்தகத்தை விரித்து, வானப் படத்தில் அடிவானத்தை ஒட்டியிருந்த ஒரு புள்ளியைக் காட்டினாள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதுவா? இதுக்குப் பேரே கிடையாதும்மா. மங்கிப்போன நட்சத்திரம். வழி காட்டாததுக்கு எவன் பேரு வைப்பான்?"

"அப்போ மீனாள்?"

சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் புத்தகத்தை எழுதின வாத்தியார் தங்கியிருந்த வீட்டுப் பொண்ணு. ரெண்டு வருஷம் புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் இருந்தாங்க. ஊர்ல கட்டினவ இருக்கான்னு, கிளம்பற அன்னைக்குத்தான் வாயைத் திறந்தாரு. 'உன்னை வானத்துலயே ஏத்தி வைக்கிறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. அவளும் நம்பிட்டா."

"இப்போ அவங்க..?"

"போய்ச் சேந்துட்டா. கல்யாணமே பண்ணிக்கல." கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா, உன் பேரு என்னம்மா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நேரமாச்சுங்கய்யா, வரேன்."

பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். தன் பெயர் பொய்யாய்ப் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவை நினைத்தால்தான் நெஞ்சு எரிந்தது. ஒரு சூதும் தெரியாதவளை, நாற்பது வருடம் சக்களத்தியின் பெயரை அவள் வாயாலேயே கூப்பிட வைத்துவிட்டாரே இந்த மனுஷர்!

அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக மீனாளுக்குக் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டாள். பக்கத்தில் 'சான்று இல்லை' என்று எழுதினாள்.

பதிப்பாசிரியர் திகைத்தார். "வாத்தியார் பேரு கெட்டுப்போகுமேம்மா!"

"கெடட்டும் சார்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் இவள் தலையில் இடியைப் போடக்கூடாது என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். ஆனாலும் அகராதி வெளிவந்தால் அதில் பெயர் இல்லாதது எப்படியும் தெரிந்துவிடும்.

"மீனாளை அகராதியிலேருந்து எடுத்துட்டோம்மா. ஆதாரம் கிடைக்கல."

அம்மாவின் கை நின்றது. "படகுக்காரங்க யாரையாவது போய்ப் பாத்தியா?"

"ஒருத்தரைப் பாத்தேன்."

"அவ இருக்காளா?"

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல உட்கார்ந்தாள். "இல்லம்மா. செத்துட்டாங்க." அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு எப்படி..?" என்றாள்.

"புத்தகம் வந்த அன்னைக்கே தெரியும். நாப்பது பேரை ஒப்பிச்ச மனுஷனுக்கு, அந்த ஒண்ணைச் சொல்லும்போது மட்டும் நாக்கு குழறுச்சு. விடாம கேட்டேன், எல்லாத்தையும் கக்கிட்டாரு. அப்போ நீ வயித்துல ஏழு மாசம்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா அந்தாளை எனக்கு இந்தப் பேரை வைக்க விட்டே?"

அம்மா தலையணை உறையை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நிதானமாக மடித்தாள்.

"அவரா வச்சாரு? வேற எந்தப் பேரு வேணா வை, இது மட்டும் வேண்டாம்னு காலைப் புடிச்சு அழுதாரு."

"பின்னே?"

"நான்தான் வச்சேன். தெனமும் அவர் காதுல விழணும்ல?"