தடாவிலிருந்து ஒரு புறா

"இப்ப வுட்டுடாத மாமு! டீ ஆறத்துக்குள்ள ராயபுரம் போய்ச் சேந்துரும்!" என்று வேனுக்கு அடியிலிருந்து கத்தினான் லோகநாதன்.

மஜீது கூடையின் மூடியை மறுபடி சாத்தினான். உள்ளே பேகம் முனகியது. வெள்ளைப் புறா. காலில் சிவப்பு நூல். அவன் மொட்டை மாடியில் வளர்க்கும் கூட்டத்துக்கு அதுதான் ராணி.

ஆயுத பூஜையோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் விடுமுறை. ஆந்திர எல்லையில் இருக்கும் தடா காட்டில், அருவிக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்குவதாக நண்பர்கள் மூவரும் திட்டம் போட்டிருந்தார்கள். கூடாரம் என்பது லோகநாதன் ஹார்பரிலிருந்து கொண்டுவந்த லாரித் தார்ப்பாய். காலையில் கிளம்பிய வேன், எண்ணூர் தாண்டி மீஞ்சூர் போகும் சாலையில் ஒரு முறை தும்மியது. அதோடு சரி.

"பேசாம வூட்டுக்குத் திரும்பிடலாமா?" என்றான் அறிவு.

"உனுக்கு இன்னா, சொல்லுவ. நோன்பு வருது, வூடு மொத்தம் சுண்ணாம்பு அடிக்கணும். நான் எப்ப வருவேன்னு என் பொண்டாட்டி ரூஹி மட்டையும் கையுமா குந்திகினு கீறா," என்றான் மஜீது.

எனவே ஆற்றங்கரையில் தார்ப்பாயைக் கட்டினார்கள். அருவிக்குப் பதில் கொசஸ்தலை ஆறு. மலைக்குப் பதில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அறிவு அவற்றைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். வெகு நேரம் இருமினான்.

"காட்டுக் காத்து," என்றான். "ஒடம்புக்கு நல்லது."

லோகநாதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஊருல பிக்னிக் போறவன் கேரம் போர்டு எடுத்துகினு வருவான். உன்ன யாரு புறாவத் தூக்கிகினு வரச் சொன்னது?"

"ரூஹிதான். 'போய்ச் சேந்ததும் பேகத்தை வுடு. அது வூட்டுக்கு வந்துட்டா எனுக்கு நிம்மதி'ன்னா. கண்ணாலம் ஆயி பத்து வருசமா என் புறாங்கள 'கலீஜு, கலீஜு'ன்னுகினு இருந்தா. இப்பதான் அவ வாயில ஒரு நல்ல வார்த்தை வந்துகீது."

"ஒரு செல்லு வாங்கித் தொலையேன்."

"அதையும் சொன்னேன். 'செல்லுல நீ எங்கேந்து வோணா பேசுவே, புறா பொய் சொல்லாது'ன்னுட்டா."

அறிவு சிரித்தான். "மாட்டிகினா இன்னா பண்ணுவா?"

மஜீது சிரிக்கவில்லை. போன மாதம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, புறாப் பந்தயத்துக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தான். "'இன்னொரு தபா பொய் சொல்லிப் பாரு, மாடில ஒரு எறகு இருக்காது'ன்னு சொல்லிகீறா. செய்யறவ மாமு. வுட்டா இப்பவே செய்வா."

"அப்போ நேரம் பாத்து வுடணும்."

"அதான் பேஜாரு. அவ வாப்பாவே பந்தயப் புறாக்காரரு. தடாவுலேந்து வர எம்மா நேரம் ஆவும்னு அவளுக்கு அத்துப்படி."

அறிவு ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். குச்சியால் மணலில் கணக்குப் போட ஆரம்பித்தான். "வேன் சாவாம இருந்தா தடா போற டைமு. அதோட புறா பறக்குற டைமு."

"வழியில நாஸ்டா துன்ற டைமு," என்றான் லோகநாதன்.

"சேத்துக்க. இங்கேந்து பறக்குற டைமைக் கழிச்சுடு. ரைட்டு. நான் சொல்ற வரைக்கும் யாரும் கூடைய தொடாதீங்கடா."

மூவரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் அறிவு கையைத் தூக்கி இறக்கினான். மஜீது பேகத்தின் தலையில் முத்தம் கொடுத்துப் பறக்கவிட்டான். அது புகைபோக்கியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே திரும்பியது.

"பொழச்சுதுடா என் கூண்டு," என்று மல்லாந்து படுத்தான் மஜீது.

சட்டியில் மீன் வெந்துகொண்டிருந்தபோது ஒரு டி.வி.எஸ். 50 வந்து நின்றது. பின்னால் பெரிய கூண்டு. மேலே கோணிப் பை.

"தீப்பெட்டி கீதா தலைவரே?" என்று பீடியோடு இறங்கினார் வண்டிக்காரர்.

லோகநாதன் கொடுத்தான். "உள்ள இன்னா, கோழியா?"

"புறா. மீஞ்சூர்ல ஒரு பார்ட்டிக்கு. ராயபுரத்துல ஒரே வூட்டுல மொத்தமா அள்ளிகினு வரேன்."

மஜீதுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், இந்த வெய்யில்ல இப்டி மூடி வெச்சா செத்துரும்யா. தண்ணி காட்டு முதல்ல," என்று எழுந்து போய்க் கோணியைத் தூக்கினான்.

அப்படியே நின்றான். முன் வரிசையில் வெள்ளைப் புறா. காலில் சிவப்பு நூல். அவனைப் பார்த்ததும் கம்பியருகே வந்து முனகியது.

லோகநாதன் எட்டிப் பார்த்தான். கரண்டி அவன் கையிலிருந்து விழுந்தது.

வண்டிக்காரர் புகையை விட்டார். "அத்தத்தான் பாக்குறியா பாய்? அதாலதான் இம்மா லேட்டு. மத்ததெல்லாம் காலைலயே கூண்டுல ஏத்தியாச்சு. அந்தம்மா செம உசாரு, என்னை வுடவே இல்ல. 'கொஞ்சம் குந்துங்கண்ணே, வெள்ளப் புறா ஒண்ணு வரணும். அது வந்தாத்தான் வூட்டுக்காரரு நெசமாவே தடா போய்ட்டாருன்னு அர்த்தம். வரலேன்னா வியாபாரம் கேன்சலு'ன்னுச்சு."

பீடியை மிதித்து அணைத்துவிட்டு வண்டியில் ஏறினார். "ஆமா, பாய்க்கு எந்த ஊரு?"

மஜீது கோணியை மெல்லக் கீழே இறக்கினான்.

"தடா," என்றான்.