புத்தகம் முடிந்த இடம்

"செஸ் தெரியாதவனுக்கு எங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டார்" என்று சொல்லி, ஆட்டத் தொடக்கங்கள் பற்றிய புத்தகம் ஒன்றை நிரஞ்சனின் கையில் திணித்தாள் ஹம்சா. குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாத நிரஞ்சன், அதிலிருந்த முதல் ஆட்டத்தின் பதினைந்து நகர்த்தல்களையும் மந்திரம் போல மனப்பாடம் செய்தான்.

மயிலாப்பூர் வீட்டில், வெள்ளைக் காய்களோடு ஹம்சாவின் அப்பா ராமசேஷன் உட்கார்ந்தார். இருவரும் மடமடவென்று நகர்த்தினார்கள். அத்தனையும் புத்தகத்தில் இருந்தபடியே!

"பிரமாதம், மாப்ளே!"

"நீங்களும்தான், மாமா!"

பதினைந்தாவது நகர்த்தலோடு புத்தகம் முடிந்தது. நிரஞ்சனுக்கு வியர்த்தது. ராமசேஷன் பலகையையே வெறித்தார். "காபி கொண்டு வரேன்" என்று சமையலறைக்குள் போனார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே போன நிரஞ்சனின் காதில் அவர் குரல் விழுந்தது.

"ஹம்சா, நீ குடுத்த புக்கு முடிஞ்சு போச்சுடி! மாப்ளை, செஸ் தெரியாத மாமனார் வேண்டாம்னு சொல்றவராச்சே!"

"அவருக்கும் அதுக்கு மேல தெரியாதுப்பா. டிராவுன்னு கை குலுக்கிடு."

"அப்போ எதுக்குடி இந்தக் கூத்து?"

"வாயைத் திறந்தா ரெண்டு பேரும் அரசியல் பேசி அடிச்சுப்பேள். கல்யாணம் முடியற வரைக்கும் ஊமையா உட்கார வெக்க வேற வழி தெரியலை."